குளிரில் தயங்கும் கியர்பாக்ஸ்: பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி

நான் கோவைக்காரி. இப்போது கனடாவின் வின்னிபெக்கில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலை செய்கிறேன். காலை ஆறு மணிக்கு ஷிப்ட். போன கோடையில் 2012 மாடல் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். ஆறு கியர் ஆட்டோமேட்டிக், 1,90,000 கிலோமீட்டர் ஓடியது. அக்டோபர் வரை ஒரு குறையும் இல்லை. டிசம்பரில் மைனஸ் 20-க்குக் கீழே இறங்கியதிலிருந்துதான் தொல்லை. காலையில் ரிவர்ஸில் போட்டால் மூன்று நான்கு வினாடி ஒன்றுமே நடக்காது. அப்புறம் ‘டக்’கென்று இழுக்கும். டிரைவில் போட்டாலும் கொஞ்சம் தாமதம். கிளம்பிய பிறகு இன்ஜின் 3,000 சுற்றுக்கு மேல் கத்துகிறது, அடுத்த கியருக்கு மாறவே மாட்டேன் என்கிறது. இருபது நிமிடம் ஓடினாலும் ஹீட்டரில் வெதுவெதுப்பான காற்றுதான். மாலையில் வேலை முடிந்து எடுக்கும்போதும் இதே கதை. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. ஒரு கராஜில் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “கியர்பாக்ஸ் போய்விட்டது, 5,000 டாலர் ஆகும்” என்றார்கள். தெரிந்தவர் ஒருவர் ஏதோ ஒரு புட்டி மருந்தை ஊற்றச் சொல்கிறார். இன்னொருவர், காற்றோடு சேர்த்து மைனஸ் 40 என்றால் எந்த வண்டியும் இப்படித்தான் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? விற்றுவிடட்டுமா?

பதில்

சகோதரி, முதலில் 5,000 டாலர் வேலைக்குச் சம்மதிக்காதீர்கள். உங்கள் கியர்பாக்ஸில் கோளாறே இல்லை என்று நான் சொல்லவில்லை, இருக்கலாம். ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால், இதுவரை ஒருவரும் காருக்கு அடியில் குனிந்துகூடப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆயில் அளவு பார்க்கவில்லை, ஸ்கேனர் மாட்டவில்லை, ஓட்டியும் பார்க்கவில்லை. இவை எதையும் செய்யாமல் கியர்பாக்ஸை இறக்கலாம் என்பவரிடம் வண்டியை விடவே கூடாது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது ரிவர்ஸ் பற்றிய வரி அல்ல. இருபது நிமிடம் ஓடியும் ஹீட்டர் சூடாகவில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. அதை வைத்துப் பார்த்தால் உங்கள் காரில் இரண்டு தனித்தனிக் குறைகள் இருக்கின்றன என்று நினைக்கிறேன். கியர் மாறத் தாமதிப்பது ஒன்று, ரிவர்ஸ் பிடிக்கத் தாமதிப்பது மற்றொன்று. இரண்டும் குளிரில் வெளிப்படுவதால் ஒரே நோய் மாதிரி தெரிகிறது. முதலாவதுக்கும் கியர்பாக்ஸுக்கும் அநேகமாகச் சம்பந்தமே இல்லை.

கியர் மாறாமல் இன்ஜின் கத்துவதை முதலில் எடுத்துக்கொள்வோம். இப்போதைய ஆட்டோமேட்டிக் கார்களில் எப்போது எந்தக் கியர் என்று முடிவு செய்வது கணினி. அது வேகத்தையும் ஆக்சிலரேட்டரையும் மட்டும் பார்ப்பதில்லை. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் சூட்டையும் கியர்பாக்ஸ் ஆயிலின் சூட்டையும் பார்க்கிறது. இரண்டும் குளிர்ந்திருந்தால் வேண்டுமென்றே கியரைத் தாமதமாக மாற்றும், மேல் கியருக்குப் போகவே விடாது, இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரில், இரண்டையும் நேரடியாக இணைக்கும் லாக்கப் கிளட்சையும் பூட்டாது. இன்ஜின் கொஞ்சம் வேகமாகச் சுற்றினால் தானும் சீக்கிரம் சூடாகும், புகைக்குழாயில் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் வேலை செய்யும் சூட்டுக்கு வரும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ஆகவே மைனஸ் 25-இல் முதல் ஐந்து, பத்து நிமிடம் கார் இப்படி நடந்துகொண்டால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த அளவில் ‘எந்த வண்டியும் இப்படித்தான்’ என்று சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

காற்றோடு சேர்த்து மைனஸ் 40 என்ற கணக்கு மட்டும் காருக்குப் பொருந்தாது. அது நம் தோல் உணரும் குளிர். காற்று வீசினால் கார் சீக்கிரம் ஆறிப்போகும், ஆனால் வெளி வெப்பநிலை மைனஸ் 27 என்றால் உங்கள் ஆயில் எவ்வளவு நேரம் நின்றாலும் மைனஸ் 27-க்குக் கீழே போகாது. கராஜில் சொல்லும்போது வெப்பமானி காட்டும் எண்ணைச் சொல்லுங்கள்.

சரி, இருபது நிமிடம் ஆகியும் ஹீட்டர் சூடாகாதது ஏன்? முதல் சந்தேகம் தெர்மோஸ்டாட். கூலன்ட் சூடாகும்வரை அது ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்து வைத்திருக்கும் சிறிய வால்வு. பல கார்களில் 80 டிகிரியைத் தாண்டிய பிறகே திறக்கத் தொடங்கும். வயதான தெர்மோஸ்டாட் திறந்த நிலையிலேயே மாட்டிக்கொள்வது உண்டு. அப்படி மாட்டிக்கொண்டால் முதல் நிமிடத்திலிருந்தே கூலன்ட் ரேடியேட்டர் வழியாகச் சுற்றி, வின்னிபெக்கின் ஜனவரிக் காற்றில் ஆறிக்கொண்டே இருக்கும். கோடையில் இது தெரியாது. வெளியே 28 டிகிரி இருக்கும்போது, திறந்து கிடக்கும் தெர்மோஸ்டாட்டோடும் இன்ஜின் எப்படியோ சூட்டுக்கு வந்துவிடும். குளிர்காலத்தில் வராது. இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று கணினி நம்பிக்கொண்டு உங்களைக் கீழ்க் கியரிலேயே பிடித்து வைத்திருக்கும். கியர்பாக்ஸ் அப்போது சொன்னபடி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

இதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே மாட்டும் காரின் கணினியைப் படிக்கும் சிறிய ப்ளூடூத் ஓ.பி.டி. ரீடர் ஒன்றை வாங்கி, கைப்பேசிச் செயலியில் கூலன்ட் வெப்பநிலையைப் பாருங்கள். நல்ல தெர்மோஸ்டாட் இருந்தால் எண் 85, 90 பக்கம் போய் அங்கேயே நிற்கும். 55, 60-இல் தடுமாறி, நெடுஞ்சாலையில் வேகமெடுத்ததும் இன்னும் இறங்கினால் விடை கிடைத்துவிட்டது. ஓட்டும்போது நீங்களே பார்க்காதீர்கள், பக்கத்தில் ஒருவரை உட்கார வையுங்கள். அதற்கு முன்னால், இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது, கூலன்ட் அளவையும் பாருங்கள். அளவு குறைந்திருந்தாலும் ஹீட்டரில் சூடு வராது. சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள்.

விளக்கு எரியவில்லையே என்று கேட்பீர்கள். தெர்மோஸ்டாட் கோளாறுக்கு பி0128 என்று ஒரு குறியீடு உண்டு. ஆனால் கடும் குளிரில் கிளப்பும்போது பல கார்களின் கணினி இந்தச் சோதனையைச் செய்யாமல் தள்ளிவைத்துவிடும். வெளிக்குளிரால் தவறான முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக. அதனால் எந்தக் குளிரில் தெர்மோஸ்டாட் குறை உங்களை வாட்டுகிறதோ அந்தக் குளிரிலேயே விளக்கு எரியாமல் இருக்கலாம். விளக்கு எரியவில்லை என்பதால் எல்லாம் சரி என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். விளக்கை எரியவைக்காமல் நினைவில் மட்டும் இருக்கும் குறியீடுகளும் உண்டு. இன்ஜின், கியர்பாக்ஸ் இரண்டின் கணினிகளையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

தெர்மோஸ்டாட் மாற்றுவது சில்லறைச் செலவு என்று சொல்ல மாட்டேன், சில கார்களில் அது எட்டாத இடத்தில் இருக்கும். ஆனாலும் கியர்பாக்ஸ் வேலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. அதோடு இன்னொரு பலனும் உண்டு. பல கார்களில் கியர்பாக்ஸ் ஆயிலைச் சூடேற்றுவதும் ஆற்றுவதும் இதே கூலன்ட்தான். கூலன்ட் சூடானால் கியர்பாக்ஸ் ஆயிலும் சீக்கிரம் இளகும். எனவே இந்த வேலையை முதலில் முடியுங்கள். இதை முடிக்காமல் கியர்பாக்ஸைப் பற்றி யார் என்ன முடிவு சொன்னாலும் அது அரைகுறை முடிவுதான்.

அடுத்தது ரிவர்ஸ். இதைத் தெர்மோஸ்டாட் தலையில் கட்ட முடியாது. காலையில் இன்ஜினைக் கிளப்பிய உடனே நடப்பது இது. இங்கேதான் கியர்பாக்ஸ் தன்னைப் பற்றி ஏதோ சொல்கிறது.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் கியரைப் பிடிப்பது ஆயில் அழுத்தம். நீங்கள் ரிவர்ஸில் போட்டதும், பம்ப் தள்ளும் ஆயில் வால்வுகள் வழியாகப் போய் ஒரு பிஸ்டனை நகர்த்தும், அந்தப் பிஸ்டன் கிளட்ச் தட்டுகளை நெருக்கும். வண்டி அசைவது அதற்குப் பிறகுதான். திரவத்தின் கெட்டித்தன்மையைச் சென்டிபாய்ஸ் என்ற அலகில் அளப்பார்கள், தண்ணீர் ஏறத்தாழ 1. சூடான நிலையில் இந்த ஆயில் கிட்டத்தட்ட 5 சென்டிபாய்ஸ், தண்ணீரைவிடச் சில மடங்குதான் கெட்டியாக ஓடும். மைனஸ் 40-இல் டெக்ஸ்ரான் 3 என்ற பழைய கியர்பாக்ஸ் ஆயில் வகைக்கு அனுமதிக்கப்பட்ட மேல் வரம்பு 20,000 சென்டிபாய்ஸ். 2005-இல் வந்த டெக்ஸ்ரான் 6-க்கு அது 15,000 ஆகக் குறைக்கப்பட்டது. அப்படியும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். மைனஸ் 25-இல் அவ்வளவு மோசமில்லை என்றாலும், ஆறிய கூழை உறிஞ்சுகுழலால் இழுக்கும் சிரமம் பம்புக்கு இருக்கும். நடுவில் ஃபில்டர் பாதி அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். அப்போது பம்பிலிருந்து மெல்லிய ஊளைச் சத்தம் வரும். நாளைக் காலை ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

ஆயில் கெட்டியாவது ஒரு காரணம் என்றால், ரப்பர் சீல்கள் இறுகுவது இன்னொன்று. பிஸ்டனைச் சுற்றி இருக்கும் சீல் வயதாக ஆக விறைத்துப்போகும், குளிரில் இன்னும் விறைக்கும். விறைத்த சீலின் ஓரமாக ஆயில் கசிந்து ஓடுவதால் பிஸ்டனைத் தள்ளப் போதுமான அழுத்தம் சேர நேரமாகிறது. சேர்ந்ததும் ‘டக்’கென்று பிடிக்கிறது. கியர்பாக்ஸ் சூடானால் சீல் இளகும், கசிவு நிற்கும், ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். நீங்கள் விவரித்தது இதற்கு மிகவும் பொருந்துகிறது.

மூன்றாவது காரணம் எல்லோரும் மறந்துவிடுவது: ஆயில் குளிரில் சுருங்கும். ஒவ்வொரு 100 டிகிரிக்கும் ஏறத்தாழ ஏழெட்டு சதவீதம். எட்டு லிட்டர் பிடிக்கும் கியர்பாக்ஸ் 80 டிகிரியிலிருந்து மைனஸ் 25-க்கு ஆறினால் அரை லிட்டருக்கு மேல் அளவு குறையும். நல்ல அளவில் இருந்தால் இது பாதிக்காது. ஆனால் ஏற்கெனவே முக்கால் லிட்டர் குறைந்திருக்கும் கியர்பாக்ஸில், கோடையில் ஒரு தொல்லையும் இருக்காது, குளிர்காலக் காலையில் மட்டும் பம்ப் காற்றை உறிஞ்சும். உங்கள் கார் இந்த வகையாக இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஆயில் கசியும் இடத்தை அடைத்து, அளவை நிரப்பினால் வேலை முடிந்தது. அதனால்தான் எதைத் தொடுவதற்கு முன்னாலும் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அளவு பார்ப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். உங்கள் காலத்துக் கார்கள் பலவற்றில் கியர்பாக்ஸுக்கு டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) கிடையாது. காரைச் சமமாகத் தூக்கி நிறுத்தி, இன்ஜின் ஓடும்போது, ஆயில் குறிப்பிட்ட சூட்டுக்கு வந்ததும், அடியில் உள்ள ஒரு திருகைத் திறந்து பார்க்க வேண்டும். ஆயில் மெல்லச் சொட்டினால் அளவு சரி. அந்தக் குறிப்பிட்ட சூடு பல கார்களில் 40 டிகிரிக்குப் பக்கம். ஸ்கேனரில் ஆயில் வெப்பநிலையைப் பார்க்காமல் இதைச் செய்தால் அளவு தப்பாகவே வரும், ஆயில் ஆறியிருக்கும்போது பார்த்து நிரப்பினால் அதிகமாகிவிடும். அதிகமானால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரை அழுத்தம் தராது. டிப்ஸ்டிக் இருக்கும் கார் என்றால் உங்கள் கையேட்டில் சொன்னபடி பாருங்கள். பெரும்பாலான கார்களில் இன்ஜின் ஓடும்போது பார்க்க வேண்டும், ஹோண்டாவில் சூடாக்கிய பிறகு நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும்.

திருகைத் திறக்கும்போது கொஞ்சம் ஆயிலை வெள்ளைத் துணியில் பிடித்து உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். சிவப்போ லேசான பழுப்போ இருந்தால் பரவாயில்லை. கறுத்துக் கருகிய வாடை அடித்தால் கிளட்ச் தட்டுகள் தேய்ந்திருக்கின்றன. இளஞ்சிவப்புப் பால் மாதிரி இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் குளிர்விப்பான் உடைந்து கூலன்ட் உள்ளே புகுந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படி என்றால் அன்றே காரை ஓட்டுவதை நிறுத்துங்கள். கூலன்ட்டில் உள்ள கிளைகால் என்ற வேதிப்பொருள் கிளட்ச் தட்டின் மேல்பூச்சைக் கழற்றிவிடும், தண்ணீர் வின்னிபெக் குளிரில் குழாய்க்குள் உறையவும் செய்யும்.

முந்தைய உரிமையாளர் என்ன ஆயில் ஊற்றினார் என்பதும் தெரிந்தாக வேண்டும். ‘எல்லாக் காருக்கும் ஏற்றது’ என்று எழுதிய ஆயிலை ஊற்றியிருக்கலாம். ஆறு கியர் பெட்டிகள் பலவும் மெல்லிய ஆயிலுக்காக வடிவமைக்கப்பட்டவை. அவற்றில் பழைய, கெட்டியான வகையை ஊற்றினால் கோடையில் சமாளிக்கும், குளிரில் காட்டிக்கொடுத்துவிடும். டெக்ஸ்ரான் 6 கேட்கும் பெட்டியில் டெக்ஸ்ரான் 3 ஊற்றக் கூடாது. மறுபக்கம், 3 கேட்கும் பழைய பெட்டியில் 6 ஊற்றலாம். உங்கள் கையேட்டில் எந்தப் பெயர் இருக்கிறதோ அந்தப் பெயர் புட்டியின் முகப்பிலும் இருக்க வேண்டும்.

ஆயில் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால், 1,90,000 கிலோமீட்டரில் மாற்றிவிடுவதே நல்லது. இது வாழ்நாள் ஆயில், மாற்றவே வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். கியர்பாக்ஸ் தயாரிப்பில் உலகப் பெயர் பெற்ற ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. தயாரித்தவர்கள் பேச்சைக் கேட்போம். ஆனால் இயந்திரம் வைத்து அழுத்தத்தோடு முழுவதையும் தள்ளி மாற்றும் ‘ஃப்ளஷ்’ வேண்டாம். பராமரிப்பு தெரியாத பழைய கியர்பாக்ஸில் அது படிந்து கிடக்கும் கசடைக் கிளப்பி வால்வுகளில் கொண்டுபோய்ச் சேர்க்கும் அபாயம் உண்டு. அடித்தட்டைக் கழற்றி, வடித்து, ஃபில்டர் மாற்றி, வடிந்த அளவுக்குப் புதிதாக ஊற்றுவதே என் வழக்கம். ஒருமுறை வடித்தால் பாதிகூட வராது, மீதி டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும். அதனால் சில வாரம் ஓட்டிவிட்டு இன்னொருமுறை வடித்து ஊற்ற வேண்டும். சில பெட்டிகளில் ஃபில்டர் உள்ளே புதைந்திருக்கும், பிரிக்காமல் எடுக்க முடியாது. அங்கே வடித்து ஊற்றுவதோடு சரி. அடித்தட்டில் உள்ள காந்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சாம்பல் நிற மாவு மாதிரி படிந்திருந்தால் வழக்கமான தேய்மானம். விரலில் உறுத்தும் துண்டுகள் இருந்தால் செய்தி வேறு.

புட்டி மருந்தைப் பற்றிக் கேட்டீர்கள். அவற்றில் பெரும்பாலானவை விறைத்த சீலை ஊதவைத்து இளக்குபவை. சில மாதம் பலன் தெரியலாம். ஆனால் கோளாறு என்னவென்று தெரிவதற்கு முன் ஊற்றினால் அறிகுறி மறைந்துவிடும், காரணம் உள்ளேயே இருக்கும். சீலை அதிகமாக ஊதவைத்து மிருதுவாக்கிக் கெடுப்பதும் உண்டு. எல்லாச் சோதனையும் முடிந்து, சீல்தான் காரணம் என்று உறுதியாகி, காரைப் பிரித்துச் செய்யும் அளவுக்கு அதன் மதிப்பு இல்லை என்றும் முடிவான பிறகு, இன்னும் ஒரு குளிர்காலத்தைத் தள்ளிவிட அதை ஊற்றுங்கள், தவறில்லை. அதுவரை வேண்டாம்.

கராஜுக்குப் போகும் முன் வீட்டிலேயே சில விஷயங்களைக் குறித்து வையுங்கள், மெக்கானிக்குக்கு அது பொன் மாதிரி. காலையில் வெளி வெப்பநிலை எவ்வளவு, கிளப்பி எவ்வளவு நேரம் கழித்துக் கியர் போட்டீர்கள், கால் பிரேக்கில் இருக்க ரிவர்ஸ் பிடிக்க எத்தனை வினாடி, டிரைவ் பிடிக்க எத்தனை வினாடி. கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்தாலே போதும். சூடான நிலையில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு அளவு சொல்கிறேன்: டொயோட்டாவின் பணிமனைக் கையேடுகள் நியூட்ரலிலிருந்து டிரைவுக்கு 1.2 வினாடிக்குள், ரிவர்ஸுக்கு 1.5 வினாடிக்குள் என்கின்றன. மைனஸ் 25-இல் இரண்டு வினாடி என்றால் நான் கவலைப்பட மாட்டேன். மூன்று நான்கு என்றால் பார்க்க வேண்டும். ஆயில் அளவு சரியாக இருந்தும், சூடான பிறகும் இரண்டைத் தாண்டினால் தேய்மானம் என்றே சந்தேகிப்பேன்.

ரிவர்ஸும் டிரைவும் ஒரே அளவுக்குத் தாமதிக்கிறதா, ரிவர்ஸ் மட்டும் அதிகமா என்பது முக்கியம். இரண்டும் ஒன்றுபோலத் தாமதித்தால் இரண்டுக்கும் பொதுவான இடத்தில் குறை: ஆயில் அளவு, ஃபில்டர், பம்ப். ரிவர்ஸ் மட்டும் என்றால் ரிவர்ஸைப் பிடிக்கும் கிளட்சின் சீல் பக்கம் சந்தேகம் போகும். உங்கள் கடிதத்தின்படி ரிவர்ஸ் அதிகம், டிரைவ் கொஞ்சம். அது இரண்டு பக்கமும் கை காட்டுகிறது, அதனால்தான் வினாடிக் கணக்கு கேட்கிறேன்.

முடிந்தால் ஓர் இரவு காரைச் சூடேற்றிய நிலத்தடி நிறுத்தத்தில் விட்டுப் பாருங்கள், நகர மையத்தில் அப்படிப்பட்டவை இருக்கின்றன. மறுநாள் காலை தாமதம் இல்லாமல் பிடித்தால், கெட்ட ஆயில், குறைந்த அளவு, விறைத்த சீல் இந்த மூன்றுக்குள்தான் விடை. அங்கேயும் தாமதித்தால், நின்ற நேரத்தில் டார்க் கன்வெர்ட்டரிலிருந்து ஆயில் வடிந்து இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கோடையில் ஒருநாளும் இப்படி இல்லை என்று எழுதியிருப்பதால் அந்தச் சாத்தியம் குறைவு என்றே நினைக்கிறேன்.

பேட்டரியையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். மைனஸ் 18-இல் பேட்டரியின் பலம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். மின்னழுத்தம் தாழ்ந்தால் கியர்பாக்ஸ் கணினியும், ஆயில் வழிகளைத் திறந்து மூடும் மின்வால்வுகளான சொலினாய்டுகளும் தடுமாறி, இல்லாத கோளாறைக் காட்டும்.

இதெல்லாம் முடியும்வரை வேலைக்குப் போயாக வேண்டுமே. இரவில் பிளாக் ஹீட்டரை, அதாவது இன்ஜினில் பொருத்திய மின்சூடேற்றியை, மின்சாரத்தில் மாட்டுங்கள். அது கியர்பாக்ஸை நேரடியாகச் சூடாக்காது, ஆனால் கூலன்ட் சூடாகத் தொடங்குவதால் மற்றதெல்லாம் முன்கூட்டியே நடக்கும். இரவு முழுக்க வேண்டியதில்லை. டைமர் வைத்து, கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் அது ஓடத் தொடங்கினால் போதும். ஆயில் தட்டில் ஒட்டும் ஹீட்டர் பட்டைகளும் கிடைக்கின்றன. தினமும் வெளியே நிறுத்த வேண்டிய பழைய காருக்கு அது நல்ல முதலீடு, கராஜில் முறையாக ஒட்டச் சொல்லுங்கள்.

கிளப்பியதும் இரண்டு நிமிடம் விடுங்கள். அரை மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிடுவதால் கியர்பாக்ஸ் பெரிதாகச் சூடாகாது, எரிபொருள்தான் வீண். அப்புறம் பிரேக்கை அழுத்தியபடி ரிவர்ஸில் போட்டு, பிடிக்கும்வரை காத்திருங்கள். இதைத் தயவுசெய்து கவனமாகச் செய்யுங்கள்: பிடிக்கவில்லையே என்று ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள். இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது கிளட்ச் பிடித்தால் தட்டுகள் வழுக்கிக் கருகும். பொறுத்துக்கொள்ளக்கூடிய சீல் கோளாறை ஆயிரக்கணக்கான டாலர் கோளாறாக மாற்றுவது இந்த ஒரு பழக்கம்தான். பின்னோக்கி எடுத்த உங்கள் கார் முழுக்க நின்ற பிறகே டிரைவுக்கு மாற்றுங்கள். முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் மிதமாக ஓட்டுங்கள். பனியில் சக்கரம் மாட்டிக்கொண்டால் டிரைவ், ரிவர்ஸ் என்று மாற்றி மாற்றி ஆட்டாதீர்கள். டிக்கியில் ஒரு மண்வெட்டியும் ஒரு மூட்டை மணலும் வைத்துக்கொள்ளுங்கள்.

விற்கலாமா என்பதற்கு இப்போது பதில் சொல்ல முடியும். தெர்மோஸ்டாட் மாற்றி, ஆயில் அளவும் வகையும் சரிசெய்த பிறகு தாமதம் இரண்டு வினாடிக்குள் வந்துவிட்டால் காரை வைத்துக்கொள்ளுங்கள். தாமதம் நீடித்து, ஆனால் ஆயில் சுத்தமாக, சூடான பிறகு வழுக்கல் எதுவும் இல்லாமல் இருந்தால், மேலே சொன்ன பழக்கங்களோடு அது இன்னும் பல காலம் ஓடக்கூடும். அவசரம் இல்லை. சூடான பிறகும் வழுக்கினாலோ, காந்தத்தில் உலோகத் துண்டுகள் இருந்தாலோ, பி0730 போன்ற கியர் விகிதக் குறியீடு வந்தாலோதான் பெரிய முடிவு எடுக்க வேண்டும். அப்போதும் அழுத்தமானி மாட்டி ஆயில் அழுத்தத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள். அந்த எண்ணை வைத்து, புதுப்பித்த பெட்டிக்கும், உழைத்த நிலையில் கிடைக்கும் பழைய பெட்டிக்கும், இரண்டிலும் உத்தரவாதம் எவ்வளவு என்பதற்கும் எழுத்தில் விலை வாங்குங்கள். காரின் சந்தை மதிப்பில் பாதியைத் தாண்டினால் நான் செய்ய மாட்டேன், விற்றுவிடுவேன், வாங்குபவரிடம் குறையைச் சொல்லியே விற்பேன்.

கராஜில் பேசும்போது, “கியர்பாக்ஸ் சரியில்லை” என்று ஆரம்பிக்காதீர்கள். “ஹீட்டர் சூடாகவில்லை, தெர்மோஸ்டாட் பார்க்க வேண்டும், கியர்பாக்ஸ் ஆயில் அளவைச் சரியான சூட்டில் பார்க்க வேண்டும், இரண்டு கணினியையும் ஸ்கேன் செய்து தாளில் தர வேண்டும்” என்று மூன்று வேலையாகக் கேளுங்கள். முந்தைய நாள் மாலையே காரை விட்டுவிட்டு, காலையில் ஆறிய நிலையில் அவர்களே கிளப்பிப் பார்க்கும்படி சொல்லுங்கள். கட்டடத்துக்கு உள்ளே அல்ல, வெளியே நிறுத்தி. வேலை முடிந்ததும் ரசீதில் எந்தப் பெயருள்ள ஆயில், எத்தனை லிட்டர் வடிந்தது, எத்தனை லிட்டர் ஊற்றினார்கள் என்ற மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.